ஹேமாவதிக் கரையிலிருந்து டெல்லி வரை: தேவகவுடாவின் அரசியல் விட்டுச்செல்லும் கேள்வி

பெங்களூரு: கங்கை நீர்ப் பகிர்வு குறித்து இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12 அன்று புதுடெல்லியில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் 30 ஆண்டு காலம் 2026 டிசம்பரில் நிறைவடைகிறது. வங்கதேசத்தின் சார்பில் ஷேக் ஹசீனா கையெழுத்திட்ட அந்த ஆவணத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர், கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து பிரதமரான எச்.டி. தேவகவுடா.

பிரதமர் பதவியில் அவர் இருந்தது பதினொரு மாதங்களுக்கும் குறைவான காலமே. ஆனால், அக்குறுகிய காலத்தில் இறுதியான ஓர் உடன்படிக்கை, அதன்பின் வந்த பல ஆட்சிகளைக் கடந்து நிலைத்தது. அவர் நிறுவிய கட்சியோ இன்று கர்நாடகச் சட்டப்பேரவையில் 19 இடங்களில் வென்ற மூன்றாவது கட்சியாகச் சுருங்கியுள்ளது. ஒரு விவசாயத் தலைவர் ஆட்சியில் செய்த பணி நிலைத்திருக்க, அவர் கட்டிய அரசியல் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வியை இந்த முரண்பாடு எழுப்புகிறது. விவசாயிகளின் பெயரால் அரசியல் நடத்தும் அனைவருக்கும் பொருந்தும் கேள்வி இது.

கூட்டுறவுச் சங்கத்தில் தொடக்கம்

1933 மே 18 அன்று, அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் ஹொளேநரசிபுரா வட்டத்தைச் சேர்ந்த ஹரதனஹள்ளியில் பிறந்தவர் தேவகவுடா. ஒக்கலிகர் எனப்படும் வேளாண் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. ஹாசனில் கட்டடப் பொறியியலில் பட்டயப் படிப்பு முடித்த அவர், சிறிய ஒப்பந்தப் பணிகளில் ஈடுபட்டார். ஹொளேநரசிபுராவின் ஆஞ்சநேய கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர், வட்ட வளர்ச்சி வாரிய உறுப்பினர் எனப் படிப்படியாகப் பொதுவாழ்வில் நுழைந்தார்.

1953-இல் காங்கிரசில் சேர்ந்த அவர், 1962-இல் அக்கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையாகப் போட்டியிட்டு, ஹொளேநரசிபுராவிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் 1989 வரை தொடர்ந்து அத்தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார். மாநிலம் முழுவதும் காங்கிரஸ் கோலோச்சிய காலத்தில், பெரிய கட்சியின் துணையோ செல்வப் பின்புலமோ இல்லாத ஒருவர் இவ்வாறு வென்றதற்குக் கூட்டுறவுச் சங்கமும் வட்ட வாரியமும் அளித்த ஊர்த்தொடர்பே அடிப்படையாக அமைந்தது.

காங்கிரஸ் பிளவுபட்டபோது அவர் ஸ்தாபன காங்கிரஸ் பக்கம் நின்றார். 1972 முதல் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவராகச் செயல்பட்டார். நெருக்கடி நிலையின்போது பெங்களூரு மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். வாஜ்பாய், அத்வானி ஆகியோரும் நெருக்கடி நிலையின் தொடக்கத்தில் வைக்கப்பட்டிருந்த சிறை அது. இன்று 'சுதந்திரப் பூங்கா' என்ற பெயரில் பெங்களூருவின் போராட்டக் களமாக விளங்கும் அவ்விடத்தில்தான் கர்நாடக விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளுக்காக அவ்வப்போது கூடுகின்றனர்.

நீர்ப்பாசனம் தந்த அடையாளம்

1983-இல் ராமகிருஷ்ண ஹெக்டே தலைமையில் கர்நாடகத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத அரசு அமைந்தபோது, பொதுப்பணி மற்றும் நீர்ப்பாசனத் துறைகள் தேவகவுடாவிடம் வந்தன. அணை, கால்வாய், மதகு ஆகியவற்றின் கணக்குகளைக் கோப்புகளைப் பார்க்காமலே விவரிக்கக்கூடியவர் என்ற பெயர் அக்காலத்தில் அவருக்கு ஏற்பட்டது. பாசனத்துக்குப் போதிய நிதி ஒதுக்கப்படவில்லை எனக் கூறி, அமைச்சர் பதவியிலிருந்தே அவர் விலகினார்.

ஹெக்டேவுடனான மோதல் கட்சியைப் பிளந்தது. 1989 சட்டமன்றத் தேர்தலில் தேவகவுடா தோல்வியடைந்தார். 1991-இல் ஹாசனிலிருந்து மக்களவைக்குச் சென்ற அவர், 1994-இல் ஜனதா தளத்தின் மாநிலத் தலைவராகத் தேர்தலைச் சந்தித்தார். 224 இடங்களில் 115 இடங்களை வென்ற ஜனதா தளம் ஆட்சி அமைக்க, 1994 டிசம்பர் 11 அன்று அவர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். முதன்முறை சட்டமன்றத்தில் நுழைந்து 32 ஆண்டுகள் கழித்து அவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

46 இடங்களும் பிரதமர் பதவியும்

1996 மக்களவைத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பாஜக 161 இடங்களும், காங்கிரஸ் 140 இடங்களும் பெற்றன. வாஜ்பாயின் 13 நாள் அரசு பதவி விலகியதும், காங்கிரசின் வெளி ஆதரவுடன் ஐக்கிய முன்னணி ஆட்சி அமைக்க முன்வந்தது. வி.பி. சிங் பிரதமர் பதவியை ஏற்க மறுத்தார். ஜோதி பாசு பதவியேற்பதை அவரது மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி ஏற்கவில்லை. அந்நிலையில்தான் கர்நாடக முதலமைச்சரின் பெயர் முன்வந்தது. 1996 ஜூன் 1 அன்று தேவகவுடா பிரதமராகப் பதவியேற்றார். அப்பதவியை எட்டிய முதல் கன்னடர் அவரே.

அவரது ஜனதா தளத்துக்கு மக்களவையில் இருந்தவை 46 இடங்கள். அவற்றில் 16 கர்நாடகத்திலிருந்து வந்தவை. மறுபுறம், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் திமுக 17, தமிழ் மாநில காங்கிரஸ் 20, இந்திய கம்யூனிஸ்ட் 2 என அனைத்தும் ஐக்கிய முன்னணியின் பக்கம் நின்றன. கர்நாடகத்துப் பிரதமர் ஒருவரின் ஆட்சியைத் தமிழ்நாட்டின் உறுப்பினர்கள் தாங்கி நின்ற காலம் அது.

விவசாயிகளின் பேரெழுச்சி ஒன்று தேவகவுடாவை டெல்லிக்குக் கொண்டு செல்லவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. பிளவுபட்ட மக்களவையின் எண்ணிக்கைக் கணக்கும், எவருக்கும் அச்சமூட்டாத தலைவர் என்ற நம்பிக்கையும் அவரை உயர்த்தின. அதே கணக்கு மாறியபோது அவரைக் காக்க அவரிடம் வேறு வலிமை இருக்கவில்லை. 1997 மார்ச் 30 அன்று காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவைத் திரும்பப் பெற்றார். ஏப்ரல் 11 அன்று மக்களவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 158 வாக்குகளும் எதிராக 292 வாக்குகளும் பதிவாயின. ஏப்ரல் 21 அன்று ஐ.கே. குஜ்ரால் பிரதமரானார்.

குறுகிய ஆட்சியின் வரவு

கங்கை உடன்படிக்கை, ஃபராக்கா அணைக்கட்டில் ஜனவரி முதல் மே வரையிலான வறட்சிக் காலத்து நீரைப் பகிரும் முறையை வகுத்தது. நீர்வரத்து வினாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. இதற்கு மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசுவின் ஒத்துழைப்பு இன்றியமையாததாக இருந்தது. மாநிலத்தின் அச்சத்தை அறிந்த ஒரு முன்னாள் முதலமைச்சர் பிரதமராக இருந்தது அதற்கு உதவியது எனலாம்.

நிதியின்றிப் பாதியில் நின்ற பெரிய, நடுத்தரப் பாசனத் திட்டங்களுக்கு மத்திய அரசு கடனுதவி அளிக்கும் 'விரைவுப்படுத்தப்பட்ட நீர்ப்பாசனப் பயன் திட்டம்' 1996-97-இல் தொடங்கப்பட்டது. முன்பு மாநில அமைச்சராக அவர் எழுப்பிய குறையின் தொடர்ச்சியாகவே இதைக் காண வேண்டும். 2015-இல் பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் இது இணைக்கப்பட்டது. பிரம்மபுத்திரா மீதான போகிபீல் பாலத்துக்கு 1997 ஜனவரியில் அவர் அடிக்கல் நாட்டினார். அப்பாலம் 2018 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதா முதன்முதலாக அறிமுகமானதும் அவரது ஆட்சியில், 1996 செப்டம்பரில்தான்.

எனினும், அவ்வாட்சியின் நினைவாக நகர்ப்புற நடுத்தர வர்க்கம் இன்றும் குறிப்பிடுவது ப. சிதம்பரம் 1997 பிப்ரவரி 28 அன்று தாக்கல் செய்த 'கனவு பட்ஜெட்'டைத்தான். தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது அதில்தான். டெல்லி மெட்ரோ ரயிலுக்கு ஒப்புதல் கிடைத்ததும் அவ்வாட்சியில்தான். 'மண்ணின் மைந்தர்' என்று ஆதரவாளர்கள் போற்றிய ஒருவரின் அரசு நகரத்தின் நினைவில் அதிகமாகவும் கிராமத்தின் நினைவில் குறைவாகவும் தங்கியது. பாசனத் திட்டங்களின் பயன் வயலை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். வரிக்குறைப்பின் பயன் அடுத்த மாதச் சம்பளத்திலேயே தெரியும். இந்தக் கால இடைவெளி, விவசாயத்தை முன்னிறுத்தும் எந்த அரசுக்கும் உள்ள இயல்பான சிக்கலாகும்.

காவிரியின் மேல்கரை விவசாயி

தமிழ் வாசகர்களுக்குத் தேவகவுடாவின் பெயர் காவிரியோடு பிணைந்தது. அவரது தொகுதித் தலைநகரான ஹொளேநரசிபுரா, காவிரியின் துணையாறான ஹேமாவதியின் கரையில் அமைந்த ஊர். கொரூரில் கட்டப்பட்ட ஹேமாவதி அணை, கபினி, ஹாரங்கி அணைகளோடு சேர்ந்து மேட்டூருக்கான நீர்வரத்தைக் குறைக்கிறது என்பது தமிழ்நாட்டின் நெடுநாள் முறையீடு. 1924 ஒப்பந்தத்தால் தங்கள் பாசனம் நெடுங்காலம் முடக்கப்பட்டது என்பது கர்நாடக விவசாயிகளின் வாதம். டெல்டா விவசாயி இழப்பாகக் காண்பதை ஹாசன், மண்டியா விவசாயி நீதியாகக் காண்கிறார்.

1995-இல் பருவமழை பொய்த்தபோது இந்த மோதல் முற்றியது. தமிழ்நாடு நீதிமன்றத்தை நாட, 11 டிஎம்சி நீர் திறக்குமாறு நடுவர் மன்றம் கூறியது. அன்றைய முதலமைச்சர் தேவகவுடாவின் அரசு அதற்கு இயலாமை தெரிவித்தது. இறுதியில் பிரதமர் நரசிம்ம ராவ் தலையிட்டு 6 டிஎம்சி திறக்கப் பரிந்துரைத்தார். சில மாதங்களில் தேவகவுடாவே பிரதமரானார். திமுகவும் தமாகாவும் அவரது அரசில் பங்கேற்றன. தமிழ்நாடு முதலமைச்சர் கருணாநிதிக்கும் கர்நாடக முதலமைச்சர் ஜே.எச். படேலுக்கும் இடையே பேச்சுவார்த்தைகள் நடந்தும் தீர்வு எட்டப்படவில்லை. இடைக்காலத் தீர்ப்பைச் செயல்படுத்துவதற்கான காவிரி நதிநீர் ஆணையம் 1998 ஆகஸ்டில், வாஜ்பாய் ஆட்சியில்தான் அமைந்தது.

கிருஷ்ணா ஆற்றில் ஆல்மட்டி அணையின் உயரம் தொடர்பாகவும் இத்தகைய நெருக்கடி ஏற்பட்டது. ஐக்கிய முன்னணியின் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவே பிரதமரின் மாநிலத்துக்கு எதிராக நின்றார். அணையை 519.6 மீட்டர் வரை உயர்த்த 2000-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

வேறொரு நாட்டுடன் நீரைப் பங்கிட்ட பிரதமரால் சொந்த மாநிலத்துக்கும் அண்டை மாநிலங்களுக்கும் இடையே அதைச் செய்ய இயலவில்லை. கங்கைக் கரையில் அவருக்கு வாக்கு வங்கி இல்லை. காவிரிக் கரையில் இருந்தது. விவசாயியின் பிரதிநிதி என்ற தகுதி, எந்த ஆற்றின் எந்தக் கரை விவசாயி என்ற கேள்வியில் முட்டி நின்றது. காவிரியில் இறுதி முடிவு 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்திடமிருந்து வந்தது. தமிழ்நாட்டின் பங்கு 177.25 டிஎம்சியாகக் குறைக்கப்பட்டது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கானது. இரு மாநில விவசாயிகள் மோதிய வழக்கில் பெருநகரமும் ஒரு பங்குதாரரானது.

பெங்களூருவைச் சுற்றிய நிலம்

நீரில் உறுதியாக நின்ற தலைவர், நிலத்தில் அதே உறுதியைக் காட்டவில்லை என்பது விமர்சகர்களின் கருத்து. பெங்களூரு-மைசூரு உள்கட்டமைப்பு வழித்தடத் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 1995-இல், அவர் முதலமைச்சராக இருந்தபோது கையெழுத்தானது. விரைவுச்சாலையும் துணை நகரங்களும் கொண்ட அத்திட்டத்துக்குச் சுமார் 20,000 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. பின்னாளில், தேவைக்கு மேல் விவசாய நிலம் பறிக்கப்படுவதாகக் கூறி அத்திட்டத்தின் கடும் எதிர்ப்பாளராக அவரே மாறினார். திட்டம் செல்லும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவரது முதலமைச்சர் காலத்தில்தான், விவசாயி அல்லாதோர் விளைநிலம் வாங்குவதற்கான வருமான வரம்பு 1995-இல் உயர்த்தப்பட்டது. 1996 தொடக்கத்தில் பெங்களூருவின் கே.எஃப்.சி. உணவகம் கர்நாடக மாநில விவசாயிகள் சங்கத்தினரால் தாக்கப்பட்டதும் அவரது ஆட்சியில்தான். எம்.டி. நஞ்சுண்டசாமி தலைமையிலான அச்சங்கம் உலகமயமாக்கலை எதிர்த்துத் தெருவில் நின்றது. விவசாயி முதலமைச்சரோ விதான சவுதாவில் முதலீட்டை வரவேற்றார். சங்கத்தால் தேர்தலில் பெரிதாக வெல்ல இயலவில்லை. தேர்தலில் வென்றவர்களால் சங்கத்தின் கோரிக்கைகளை ஏற்க இயலவில்லை. கர்நாடகத்தில் விவசாய இயக்கமும் விவசாயியின் பெயரிலான கட்சியும் இவ்வாறு இரு வேறு பாதைகளில் சென்றன.

விவசாயி அல்லாதோர் விளைநிலம் வாங்குவதற்கு எஞ்சியிருந்த தடைகளை 2020-இல் பாஜக அரசு முற்றிலும் நீக்க முனைந்தது. சட்ட மேலவையில் அந்த மசோதா நிறைவேறத் துணைநின்றது மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் வாக்குகளே. டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடிக்கொண்டிருந்த அதே டிசம்பர் மாதத்தில் இது நிகழ்ந்தது. கட்சியின் விவசாய அடையாளத்துக்கு ஏற்பட்ட பெரும் அடிகளில் ஒன்றாக இதைக் கருதலாம்.

கட்சி குடும்பத்துக்குள் சுருங்கியது

1999-இல் ஜனதா தளம் உடைந்தபோது தேவகவுடா மதச்சார்பற்ற ஜனதா தளத்தை நிறுவினார். 2004-இல் 58 இடங்களை வென்ற அக்கட்சி காங்கிரசுடன் கூட்டணி அரசு அமைத்தது. 2006 பிப்ரவரியில் அவரது மகன் எச்.டி. குமாரசாமி பாஜகவுடன் கைகோத்து முதலமைச்சரானார். உடன்பாட்டின்படி 2007 அக்டோபரில் பாஜகவிடம் ஆட்சியை ஒப்படைக்கக் கட்சி மறுத்தது. அதனால் கிடைத்த அனுதாபமும் 2008-இல் தென்னிந்தியாவின் முதல் பாஜக அரசு அமையத் துணைபுரிந்தது. 2018-இல் 37 இடங்களுடன் காங்கிரசின் ஆதரவில் மீண்டும் குமாரசாமி முதலமைச்சரானார்; அவ்வரசு 14 மாதங்களில் கவிழ்ந்தது.

2019 மக்களவைத் தேர்தலில் தேவகவுடா தமது ஹாசன் தொகுதியைப் பேரன் பிரஜ்வல் ரேவண்ணாவுக்கு விட்டுக்கொடுத்துத் தும்கூருவில் போட்டியிட்டு, 13,339 வாக்குகளில் தோற்றார். ஹேமாவதி நீர் தும்கூருவுக்குப் போதிய அளவு வராமல் ஹாசன் தலைவர்கள் தடுத்தனர் என்பது எதிர்த்தரப்பின் முக்கியப் பரப்புரையாக இருந்தது. அவரை உயர்த்திய அதே ஆறு, அண்டை மாவட்டத்து விவசாயிகளிடையே அவருக்கு எதிரான வாதமாக மாறியது.

2020 ஜூனில் அவர் போட்டியின்றி மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023 சட்டமன்றத் தேர்தலில் 19 இடங்களாகச் சுருங்கிய கட்சி, அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இணைந்தது. 2024-இல் மண்டியாவில் வென்ற குமாரசாமி மத்தியக் கனரகத் தொழில் மற்றும் எஃகுத் துறை அமைச்சரானார். ஹாசனில் பிரஜ்வல் ரேவண்ணா தோல்வியடைந்தார். பாலியல் வன்கொடுமை வழக்கில் அவர் குற்றவாளி என 2025 ஆகஸ்டில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது. தாத்தா ஆறு பதிற்றாண்டுகளில் ஈட்டிய நற்பெயருக்கு, வாரிசுரிமையின் வழியே நேர்ந்த பெரும் சேதம் அது.

வடக்கிலும் இதே தடம்

இது கர்நாடகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. உத்தரப் பிரதேசத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் முக்கியப் பங்காற்றிய சரண் சிங், 1979 ஜூலையில் காங்கிரசின் ஆதரவுடன் பிரதமரானார். அந்த ஆதரவு விலக்கப்பட்டதால், மக்களவையைச் சந்திக்காமலேயே பதவி விலகினார். 1989-இல் துணைப் பிரதமரான ஹரியாணாவின் தேவிலாலின் குடும்பம் பின்னாளில் தனித்தனிக் கட்சிகளாகப் பிரிந்தது. சரண் சிங்கின் பேரன் ஜெயந்த் சவுத்ரியின் கட்சி 2024-இல் தேசிய ஜனநாயகக் கூட்டணியில் சேர்ந்தது.

மூவரும் நிலத்தோடு பிணைந்த சமூகங்களிலிருந்து எழுந்தவர்கள். காங்கிரஸ் எதிர்ப்பில் வளர்ந்தவர்கள். பிளவுபட்ட நாடாளுமன்றம் தந்த வாய்ப்பில் டெல்லியின் உச்சத்தை எட்டியவர்கள். மூவரின் கட்சிகளும் ஒரு சமூகத்தையும் ஒரு வட்டாரத்தையும் தாண்டி விரியவில்லை; தலைமை குடும்பத்தை விட்டு வெளியேறவில்லை. நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களையும், வேறு சாதியைச் சேர்ந்த சிறு விவசாயிகளையும், அண்டை மாநிலத்து விவசாயிகளையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவராதவரை, விவசாயி என்ற அடையாளம் பதவியைத் தரலாம். அப்பதவியைக் காக்கும் வலிமையைத் தராது என்பதே இவ்வரலாறு காட்டும் பாடம்.

எஞ்சி நிற்பவை

தொண்ணூறு வயதைக் கடந்த தேவகவுடாவின் ஆறாண்டு மாநிலங்களவைப் பதவிக்காலம் 2026 ஜூனுடன் முடிவடையும் ஒன்று. கங்கை உடன்படிக்கையின் காலம் அதே ஆண்டு டிசம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பணி, டாக்காவில் ஷேக் ஹசீனாவின் ஆட்சி 2024 ஆகஸ்டில் வீழ்ந்த பின் மாறியுள்ள சூழலில் நடந்தாக வேண்டும். மறுபுறம், பெங்களூருவின் குடிநீர்த் தேவையை முன்வைத்து கர்நாடகம் வலியுறுத்தும் மேகதாது அணைத் திட்டம் தமிழ்நாட்டின் எதிர்ப்பைத் தொடர்ந்து சந்திக்கிறது. அத்திட்டத்தின் உறுதியான ஆதரவாளர்களுள் தேவகவுடாவும் ஒருவர்.

அவருடைய வாழ்வைத் தூற்றுவதோ போற்றுவதோ எளிது. கூட்டுறவுச் சங்கத்திலும் வட்ட வாரியத்திலும் தொடங்கி, சுயேச்சையாக வென்று, பிரதமராக உயர்ந்த பாதை அவருடையது. இன்று அதே ஹொளேநரசிபுராவிலோ தஞ்சாவூரிலோ உள்ள ஒரு சிறு விவசாயியின் மகனுக்கோ மகளுக்கோ அப்பாதை திறந்திருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி. தேர்தலுக்கான பெருஞ்செலவும், குடும்பங்களின் பிடியில் உள்ள கட்சிகளும் அப்பாதையை அடைத்து நிற்கின்றன. அவ்வாறு அடைத்த கட்சிகளில் தேவகவுடா நிறுவிய கட்சியும் ஒன்று என்பதே அவரது நீண்ட அரசியல் வாழ்வின் தீராத முரண்.